பீரோவின் கீழ்ப்பக்கம்

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்தெட்டு வயது. பெயர் மரகதவல்லி. கோயம்புத்தூரில் கணபதி என்ற பகுதியில், ஒரு மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தார். முதலில் தொடங்கிய கம்பெனியை மூடினார். இரண்டாவதை நன்றாக வளர்த்து, நல்ல கைகளில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு, புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் ஒவ்வொருவராக அந்தக் குறுகலான படிக்கட்டில் ஏறி வந்து சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள்கூட வகுப்பெடுக்காதவரை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. பெயர் தண்டபாணி. பம்பு மோட்டார் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, அங்கேயே சர்வீஸ் பிரிவில் இருந்த பிரிட்டோவைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகத் தொடங்கினார். மொட்டை மாடித் தொட்டி நிரம்பப் போகிறது என்றால் வீட்டுக்காரரின் போனுக்கு மணியடித்துச் சொல்லும் ஒரு சின்னக் கருவி. நல்ல கருவிதான். வாங்கியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொன்னார்கள்.

ஆனால் தண்டபாணிக்கு ஒரு வியாதி இருந்தது. படிக்க வேண்டியதையெல்லாம் சேர்த்து வைக்கிற வியாதி.

ஸ்டார்ட்அப் நடத்துவது எப்படி என்று உலகத்தில் யார் எங்கே பேசினாலும், அது அவருடைய போனில் ‘அப்புறம் படிக்க’ என்ற ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும். முதலீட்டாளரிடம் பேசுவது எப்படி, விலை வைப்பது எப்படி, தோற்றால் எழுவது எப்படி, எல்லாவற்றுக்கும் கோர்ஸ் வாங்கியிருந்தார். வேலையைப் பங்கிட ஒரு செயலி, வாடிக்கையாளர்களை நினைவு வைக்க ஒரு செயலி, இத்தனை செயலிகளின் கடவுச்சொற்களை நினைவு வைக்க இன்னொரு செயலி. டீச்சர் இருமினால்கூடப் போனை நீட்டிப் பதிவு செய்துகொள்வார். அதற்கும் தனி ஃபோல்டர் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். மரகதவல்லி ஒரு பழைய இரும்பு பீரோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், பிரிட்டோ போறானுங்க.”

“யார் சொன்னாங்க?”

“கார்டு போட்டிருந்தானுங்க.”

வேலை பங்கிடும் செயலியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு உண்டு. ‘பீளமேடு, வயர் மாற்றணும்’, ‘சரவணம்பட்டி, மணி அடிக்கவில்லை’ என்று பிரிட்டோ தினமும் போடுவார். முந்தின நாள் அவற்றுக்கு நடுவே இன்னொன்று இருந்தது. ‘மாசக் கடைசியோட விலகிக்கிறேன். பிரிட்டோ.’

“நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

தண்டபாணி போனை நீட்டினார். அந்தக் கார்டுக்குக் கீழே ஒரு கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது.

“காலையில எல்லாக் கார்டுக்கும் வரிசையாப் போட்டுட்டே போவனுங்க. படிச்சுப் பாக்கலீங்க.”

மரகதவல்லிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எதிரே நின்றவரின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

“அவன் இல்லைன்னா கம்பெனி இல்லீங்க டீச்சர். எனக்கு ஒரு வயரை மாட்டத் தெரியாது. கூட்டாளியைத் தக்க வெச்சுக்கறதைப் பத்தி நல்ல கோர்ஸ் எதாச்சும் இருக்குதுங்களா? ஒருத்தன் ஏன் போறான்னு கண்டுபிடிக்க எதாச்சும் டூல்?”

“இதுவரைக்கும் சேத்து வெச்சதுல எதைப் படிச்சு முடிச்சீங்க?”

தண்டபாணி யோசித்தார்.

“எதையும் முடிக்கலீங்க. ஆனா எல்லாம் பத்திரமா இருக்குதுங்க.”

மரகதவல்லி துணியை உதறினார்.

“சரிங்க சார். எனக்கு இந்த பீரோ கீழே போகோணும். இன்னொரு ஆள் வேணும். பிரிட்டோவை வரச் சொல்லுங்க.”

“அவன் என்கூடப் பேசறதே இல்லீங்களே.”

“பேச வேண்டாம். தூக்கினாப் போதும்.”

தண்டபாணி செயலியைத் திறந்து கார்டு போடப் போனார். மரகதவல்லி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் செயலியை மூடிவிட்டு நம்பரை அழுத்தினார். பிரிட்டோ ஒரே வார்த்தையில் “வர்றேன்” என்றார். கனமான பொருளைத் தூக்கக் கூப்பிட்டு பிரிட்டோ வராமல் இருந்ததில்லை.

அந்த பீரோவில் ஒரு காலத்தில் தொழில் பற்றிய புத்தகங்கள் நிறைந்திருந்தன. “படிச்சுட்டு எனக்குத் திருப்பித் தராதீங்க, அடுத்த ஆளுக்குக் குடுங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் மரகதவல்லி கொடுத்துக் கொடுத்து பீரோ காலியாகிவிட்டது. பாதிப் புத்தகங்கள் அடுத்த ஆளைப் பார்க்காமல் தண்டபாணியின் ஆபீசில் அட்டை போட்டு அடுக்கப்பட்டிருந்தன என்பது வேறு விஷயம். காலியானாலும் அது அந்தக் காலத்து இரும்பு.

பிரிட்டோ வந்தார். டீச்சருக்கு வணக்கம் சொன்னார். தண்டபாணியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

தண்டபாணி போனை ஜன்னலில் வைத்துவிட்டு மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். யாரும் இடம் காட்டவில்லை. கை தானாக அங்கே போனது. பிரிட்டோ கீழ்ப்பக்கத்தைப் பிடித்துப் பின்னோக்கி இறங்கினார்.

இரண்டு படி பேச்சில்லாமல் போனது. மூன்றாவதில் பீரோ சுவரில் மோதிச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

“அண்ணா, எனக்குப் பின்னால தெரியாதுங்க. சொல்லுங்க.”

“ஆங்… ஒரு படி. இன்னொரு படி. இடது பக்கம் கொஞ்சம். இப்பத் திருப்பம் வருது.”

அப்படியே சொல்லிச் சொல்லி இறங்கினார்கள். கீழே வைத்ததும் தண்டபாணி கையைத் தட்டிக்கொண்டார்.

“நான் பயந்த அளவுக்கு ஒண்ணும் கனமில்லைங்க டீச்சர்.”

பிரிட்டோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு உள்ளங்கைகளிலும் இரும்பு விளிம்பு சிவப்பாகக் கோடு போட்டிருந்தது.

மரகதவல்லி எதிர்க்கடையில் மூன்று டீ சொன்னார். குடித்து முடித்ததும் பீரோவை ஒரு முறை சுற்றி வந்தார்.

“மனசு மாறிருச்சுங்க. மேலேயே இருக்கட்டும்.”

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

“இந்தத் தடவை தண்டபாணி சார் கீழே.”

குரு சொன்ன பிறகு என்ன செய்வது? பிரிட்டோ மேலே நின்றார். தண்டபாணி கீழ்ப்பக்கத்தைப் பிடித்தார்.

முதல் படியிலேயே அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பீரோ அவர் மார்பில் வந்து சாய்ந்தது. எதிரே இரும்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இதே பீரோதானா என்று சந்தேகம் வந்தது. திருப்பத்துக்கு வருவதற்குள் முழங்கால் நடுங்கியது.

“நில்லு பிரிட்டோ. நில்லு, நில்லு.”

“நிக்கறேண்ணா. அவசரமில்லை. முட்டியில முட்டுக் குடுத்துக்குங்க. நான் பிடிச்சிருக்கேன்.”

ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. நடுவில் பீரோ இருந்தது. ஒருவேளை அதனால்தான் பேச்சு வந்ததோ என்னவோ.

“ஏம்ப்பா, இறங்கறப்ப உனக்கு இப்படித்தான் இருந்துதா?”

“ஆமாங்கண்ணா.”

“கனமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னனுங்களே.”

“இல்லையே. எப்பச் சொன்னே?”

“ஆடி மாசம் சொன்னேன். ஒரே ஆளா மாடி மாடியா ஏற முடியலைங்கண்ணான்னேன். நீங்க ஒரு வீடியோ அனுப்பினீங்க.”

தண்டபாணிக்கு அது ஞாபகம் வந்தது. மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி ஒரு பெரிய நிபுணர் பேசியது. அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய் உடனே அனுப்பியிருந்தார்.

“பாத்தியா அதை?”

“ரெண்டு மணி நேரமுங்கண்ணா. தொட்டி மேல உக்காந்துட்டா பாக்கறது?”

தண்டபாணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிரித்தால் பீரோ நழுவிவிடும். அழலாம் என்றால் கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

“பிரிட்டோ.”

“சொல்லுங்கண்ணா.”

“பெரிய உபகாரம் பண்ணியிருக்கேப்பா நீ.”

“எதைச் சொல்றீங்க?”

“எல்லாத்தையுந்தான்.”

மேலே பிரிட்டோ பிடியை மாற்றிக்கொண்டார். பிறகு அவருடைய குரல் வந்தது.

“சரி சரி, தூக்குங்க. உங்க கால் நடுங்கறது இங்க வரைக்கும் தெரியுது. ஒரு படி… அவ்வளவுதான். இன்னொரு படி.”

பீரோ பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. தண்டபாணி தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரிட்டோ சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவருக்குக் கொடுத்தார். தண்டபாணி குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

“நாளைக்குக் காளப்பட்டியில ரெண்டு வீடுங்கண்ணா. ரெண்டுலயும் மாடிக்குப் படி கிடையாது. ஏணி பிடிக்க ஆள் வேணும்.”

“நான் வர்றேன்.”

“வெயிலுங்கண்ணா.”

“வர்றேன்னு சொல்றேனல்ல.”

“காலையில ஏழு மணிக்கு.”

“பிரிட்டோ, அந்தக் கார்டு…”

“அதை அப்புறம் பாக்கலாம். முதல்ல வந்து ஏணியைப் பிடிங்க.”

அவர் டீச்சரிடம் சொல்லிக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியிலிருந்து, “தொப்பி கொண்டு வாங்கண்ணா” என்று குரல் மட்டும் மேலே வந்தது.

தண்டபாணி பின்னாலேயே எழுந்து ஓடினார். கீழே போய் வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் போன் ஜன்னலில் இருப்பது நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் போனை மறந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். திரும்பவும் மாடியேறினார்.

மரகதவல்லி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். போனை எடுத்துக் கொடுத்தார். தண்டபாணி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அவர் உள்ளங்கைகளிலும் இப்போது சிவப்புக் கோடு இருந்தது. தன்னைவிட வயதில் சின்னவரான அந்தப் பெண்ணின் முன்னால் அவர் மனம் நிறைந்து கும்பிட்டார். போகத் திரும்பினார். வாசலில் நின்றார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளுங்க சார்.”

“இதை நான் வந்ததுமே வாயிலயே சொல்லியிருக்கலாமுங்களே? இந்த பீரோவை எதுக்குங்க இறக்கி ஏத்தோணும்?”

மரகதவல்லி துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு பீரோவின் பக்கம் போனார்.

“சொல்லியிருந்தா, அதையும் பத்திரமாச் சேத்து வெச்சிருப்பீங்க சார்.”