ஐந்தாம் கம்பியில் ஒரு ஜிர்

"ஏழு மாசமா ஒரு சத்தத்தைத் தேடுதேன், டீச்சர். கிடைக்க மாட்டேங்கு" என்றார் ஆசீர் துரைராஜ்.

பிளாரன்ஸ் ஒரு கிட்டாரின் வயிற்றுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பவில்லை.

"கிடைச்சா என்ன செய்வீங்க?"

"நிறுத்துவேன்."

"நிறுத்திட்டு?"

அதற்கு மேல் ஆசீர் யோசித்திருக்கவில்லை.

*

ஆசீருக்கு அறுபது வயது. பிளாரன்ஸுக்கு முப்பத்தாறு. பாளையங்கோட்டையில் கிட்டார் பழுது பார்க்கிறவள். அவளிடம் அவர் சிஷ்யராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

மற்றவர்கள் அவளை அக்கா என்பார்கள். இவர் மட்டும் டீச்சர் என்பார். நில அளவைத் துறையில் முப்பத்துநாலு வருடம் இருந்தவர். எதையும் முறைப்படி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மூன்று வாரத்தில் அவள் சொல்லிக்கொடுத்தது, பழைய கம்பிகளைக் கழற்றுவது ஒன்றைத்தான். அதிலும் பாதி நாள் "அவசரப்படாதீங்க அண்ணாச்சி" என்பதோடு பாடம் முடிந்துவிடும்.

இத்தனை நாளும் தன் கிட்டாரை அவர் அவளிடம் காட்டவே இல்லை. தானே கற்று, தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. இன்று வீம்பும் களைத்துப்போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

*

சத்தம் ஐந்தாம் கம்பியில், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் இரண்டாவதில் வருகிறது என்றார். அங்கே விரலை வைத்துத் தட்டினால் ஜிர் என்று ஒன்று கூடவே எழும். சுரம் அடங்குகிறவரை அதுவும் இருக்கும்.

மூன்று தடவை கம்பி மாற்றிவிட்டார். நாலு கடைகளில் காட்டிவிட்டார். ஒருவர் கழுத்து வளைந்திருக்கிறது என்றார். ஒருவர் கட்டைகளை அரத்தால் ராவிக் கொடுத்தார். ஒருவர் பாளையங்கோட்டை வெயிலைக் குற்றம் சொன்னார். நாலாமவர் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். நாலு பேரிலும் நாணயமானவர் அவர்தான்.

பிளாரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டாரை வாங்கினாள். ஐந்தாம் கம்பியை அழுத்தித் தட்டினாள்.

சுரம் சுத்தமாக எழுந்து சுத்தமாக அடங்கியது.

ஆசீர் வாங்கித் தட்டிப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் இல்லை.

"கடைக்கு வந்தா ஒளிஞ்சுக்கிடும்" என்றார். "வீட்டுக்குப் போனா வந்துரும்."

"வீட்டுல வேற யாருக்குக் கேக்கு?"

"வீட்டுல யாரும் இல்ல."

*

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் பிளாரன்ஸைக் கையிலிருந்த வேலையைக் கீழே வைக்கச் செய்தது.

சத்தத்தைப் பிடிக்க வேண்டுமானால் வீடு அமைதியாக இருக்க வேண்டும் அல்லவா. முதலில் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு டிவி. பிறகு ஃபிரிட்ஜ், அன்று இரண்டு பாக்கெட் பால் திரிந்தது. மிக்ஸி காலை ஏழு மணிக்கு முன்னால் மட்டும். மனைவி புஷ்பத்தின் வளையல்கள் சந்தேகத்துக்கு உள்ளாகி, அவள் கழற்றி வைத்தாள். கொலுசு ஏற்கெனவே போயிருந்தது.

சாயங்காலம் அவர் வாசிக்க, அவள் கீர்த்தனை பாடுவது முப்பது வருட வழக்கம். பாட்டின் நடுவே சத்தம் சரியாகக் காதில் விழாததால் பாட்டையும் நிறுத்தச் சொன்னார். தற்காலிகமாகத்தான்.

ஏழாவது மாதம் புஷ்பம் ஒரு பையில் நாலு சேலையை எடுத்துக்கொண்டு நாசரேத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் போடவில்லை. வாசலில் நின்று, சத்தம் கிடைத்ததும் போன் பண்ணுங்கள் என்று மட்டும் சொன்னாளாம்.

"எத்தனை நாளாச்சு?"

"பதினோரு நாள்."

"போன் பண்ணினீங்களா?"

"கிடைக்கலையே, டீச்சர்."

பிளாரன்ஸ் அவரைப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு, நிஜமாகவே காய்ந்துபோயிருந்தார். அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது போன பிறகு பாவமாக இருந்தது.

கடையைப் பூட்டிவிட்டு, "வாங்க, வீட்டைப் பாப்போம்" என்றாள்.

*

அப்படி ஒரு வீட்டை அவள் பார்த்ததில்லை.

தட்டுகளுக்கு நடுவே செய்தித்தாள் மடித்து வைத்திருந்தது. டம்ளர்களைத் துண்டில் சுற்றியிருந்தது. கடிகாரம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்திருந்தார். அலமாரியில் இருந்த பீங்கான் நாய்க்குட்டிக்குக்கூட ஒரு கைக்குட்டை கட்டியிருந்தது.

சாப்பிட்ட தட்டு ஒன்றே ஒன்று, கழுவாமல் இருந்தது.

ஆசீர் கூடத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்து தட்டினார்.

ஜிர்.

"இருக்கு" என்றாள் பிளாரன்ஸ்.

ஆசீருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு மாதத்தில் அந்த வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை. எல்லாரும் அவர் காதைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

"பாத்தீங்களா? எந்தப் பக்கமிருந்து வருது?"

"தெரியல."

"எப்படிக் கண்டுபிடிக்கது?"

"இது ரெண்டு பேர் வேலை, அண்ணாச்சி. ஒருத்தர் தட்டணும். இன்னொருத்தர் ஒவ்வொண்ணா கையை வச்சுப் பாக்கணும். எதைத் தொட்டா நிக்கோ, அதுதான். தட்டுத ஆளுக்கு ஒரு நாளும் கிடைக்காது."

"அப்ப நான் தட்டுதேன். நீங்க கையை வைங்க."

"எனக்கு இந்த வீடு தெரியாது" என்றாள் பிளாரன்ஸ். "எது ஆடும், எது ஆடாதுன்னு இங்க புழங்குனவங்களுக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கும் அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை.

ஆசீர் போனை எடுத்தார், மறுபடி வைத்தார்.

"சத்தம் கிடைச்சாத்தான் போன் பண்ணச் சொல்லியிருக்கா" என்றார் மெதுவாக.

"கிடைச்சாச்சே. நானே கேட்டேன். எங்க இருக்குன்னுதான் தெரியல. அதுக்கு ஆள் வேணும்னு சொல்லுங்க."

*

போனில் அவர் அதை அப்படியே சொன்னார், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். முப்பத்துநாலு வருடம் அறிக்கை எழுதியவர் வேறு எப்படிச் சொல்வார்?

மறுமுனையில் புஷ்பம், சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். இல்லை என்றார். போனை வைத்துவிட்டாள்.

வருவாளா மாட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பிளாரன்ஸிடம் கேட்டார். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது.

*

புஷ்பம் பையை இறக்கி வைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. பிளாரன்ஸைப் பார்த்து, யார் என்ன என்று விசாரித்து, நீயாவது சாப்பிட்டியாம்மா என்று கேட்டாள். கைக்குட்டை கட்டிய நாய்க்குட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் என்ன செய்யணும்?" என்றாள்.

பிளாரன்ஸ் விளக்கினாள். அவர் தட்டும்போது ஒவ்வொரு சாமானாகத் தொட வேண்டும். அவசரமில்லை. மேஜையில் ஆரம்பிக்கலாம், பிறகு அலமாரி, ஜன்னல், அடுக்களை. சாயங்காலம்வரை ஆனாலும் பரவாயில்லை.

ஆசீர் கையை உதறிக்கொண்டார். இதிலும் கிடைக்காவிட்டால் அந்தப் பை மறுபடி வாசலுக்குப் போய்விடும் என்று அவருக்குப் பட்டது.

தட்டினார்.

ஜிர்.

புஷ்பம் மேஜையைத் தொடவில்லை. அலமாரிப் பக்கம் போகவில்லை. நேராக அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து, எக்கி, அவர் தலைக்கு மேலே சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

சத்தம் நின்றது.

ஆசீர் மறுபடி தட்டினார். சுரம் மட்டும் வந்தது. மறுபடியும் தட்டினார். சுரம் மட்டும்.

புஷ்பம் கையை எடுத்தாள். ஜிர் என்றது. வைத்தாள். நின்றது.

ஆசீர் திரும்பி நிமிர்ந்து பார்த்தார்.

ஏழு மாதத்துக்கு முன்னால், அவர் ஓய்வு பெற்ற அன்று, அலுவலகத்தில் கொடுத்த மரக் கேடயம். நடுவில் பித்தளைத் தகடு. தகட்டில் அவர் பெயர், பதவி, பணிக்காலம். நாலு திருகாணியில் ஒன்று கழன்றிருந்தது. வீட்டில் துணி சுற்றாமல் இருந்தது அது ஒன்றுதான். பிளாரன்ஸ் அதை வந்ததுமே பார்த்தாளா இல்லையா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"மாட்டுன வாரமே தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். பேசாதேன்னு கையைக் காட்டுனீங்க. மறுநாளும் வந்தேன். அப்பவும் காட்டுனீங்க."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு வரல."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிளாரன்ஸ் தன் தோள்பையிலிருந்து திருப்புளியை எடுத்து நீட்டினாள். ஆசீர் அதை வாங்கவில்லை. கிட்டாரைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். எழுந்து நின்று மனைவியைப் பார்த்தார். பார்த்து எத்தனை நாளாகிவிட்டது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"வேற என்னெல்லாம் சொல்ல வந்தே, புஷ்பம்?"

பிளாரன்ஸ் திருப்புளியை மேஜைமேல் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

புஷ்பம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நேரமாகும்" என்றாள்.