கற்பூரம் அணைத்த மூவரும் கிணற்றுக் கல்லும்

தாழைநாடு என்று ஒரு நாடு வெகுகாலத்துக்கு முன்னே இருந்தது. கண்டீரன் என்ற ராஜா அதை ஆண்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. பசி மட்டும் தாங்கமாட்டான். காலையில் வழக்குக் கேட்க உட்காருவான். சமையற்கட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்துவிட்டால், அதற்குப் பிறகு யார் அழுதாலும் அவன் காதில் ஏறாது.

ஒருநாள் சபையில் சலித்துக்கொண்டான். "இவன் ஒன்று சொல்கிறான், அவன் ஒன்று சொல்கிறான். எது உண்மை என்று பார்ப்பதற்குள் சோறு ஆறிவிடுகிறது. உண்மை என்றால் இதுதான் என்று ஒரே வரியில் சொல்ல இங்கே ஆள் இல்லையா?"

மந்திரி மருதையன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்பலக்கூத்தர் எழுந்துவிட்டார். சபையில் பெரிய படிப்பாளி. மருதையனின் ஆசனம் தனக்கு வந்திருக்க வேண்டியது என்று வெகுநாளாகப் புழுங்குகிறவர். ராஜா தும்மினால்கூட அதற்கு ஒரு சுலோகம் வைத்திருப்பார்.

"பிரபு, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து மூன்று பேர் எதைச் சொல்கிறார்களோ, அதுவே உண்மை. முதலில் சொன்ன மூவர் சொல்லே நிற்கும். பிறகு ஊரே திரண்டு வந்து மாற்றிச் சொன்னாலும் செல்லாது."

"ஆகா! இதைக் கல்லில் வெட்டுங்கள்!"

"மகாராஜா, அந்த மூன்று பேரும் பொய் சொன்னால்?" என்றான் மருதையன்.

"கற்பூரத்தில் கை வைத்தவன் பொய் சொல்வானா? மந்திரியாருக்குத் தெய்வ நம்பிக்கை கொஞ்சம் குறைச்சலோ?" என்றார் அம்பலக்கூத்தர். சபை சிரித்தது. ராஜா அதற்குள் சாப்பிடப் போய்விட்டான்.

கல் வெட்டி முடித்ததும் முதல் வழக்கே அம்பலக்கூத்தருடையதுதான். அவர் தோப்புக்கும் வேம்பாயி என்ற விதவையின் வாழைத் தோட்டத்துக்கும் நடுவே, எல்லைமேல் ஒரு கிணறு. சத்திரத்தில் படுத்துக் கிடக்கும் சோம்பேறிகள் மூன்று பேரை அவர் அழைத்து வந்தார். வடை பாயசத்தோடு ஒரு வேளைச் சாப்பாடு போட்டால் எதற்கும் சத்தியம் செய்கிறவர்கள். "இந்தக் கிணறு இவர் பாட்டனார் வெட்டியது" என்று கற்பூரத்தை அணைத்தார்கள். வேம்பாயி தன் தெருவையே கூட்டி வந்தாள். பிந்தி வந்தவர்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவள் மருதையனிடம் போய் நின்றாள். "ஐயா, வாழை குலை தள்ளுற நேரம். தண்ணி பாயலேன்னா மொத்தமும் கருகிடும். நானும் என் பொண்ணும் பிச்சைக்குத்தான் போகணும்."

"நாளைக்குச் சபைக்கு வாம்மா" என்றான் மருதையன்.

மறுநாள், தாளிக்கிற வாசனை வருகிற நேரமாகப் பார்த்து, அதே மூவரையும் மருதையன் சபைக்குள் கொண்டுவந்தான். அவர்களுக்கு அன்று காலை அவன் வீட்டில் விருந்து. வடை கூடுதல்.

மூவரும் கற்பூரத்தை அணைத்தார்கள். "அம்பலக்கூத்தர் இன்று காலையில் செத்துப்போனார். கண்ணால் பார்த்தோம்."

"அடேய்! நான் இங்கே நிற்கிறேனடா!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். மருதையன் சிரிக்கவில்லை. "மகாராஜா, பிணம் கிடக்கும்போது சிரிப்பது முறையல்ல. எடுக்கும்வரை அரண்மனையில் அடுப்பும் எரியக்கூடாது. அணைக்கச் சொல்லிவிட்டேன்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. "சோறு?"

"பிணம் போன பிறகு."

"அப்படியானால் சீக்கிரம் எடுங்களய்யா!"

பச்சை மூங்கில் வந்தது. வைக்கோல் புரி முறுக்கினார்கள். வாசலில் ஒருவன் சங்கை ஊதினான்.

"பிரபு! பிணம் இப்படிப் பேசுமா?"

"பேசுகிறதே மந்திரி" என்றான் ராஜா.

"அது ஒரு குரல் மகாராஜா. அவர்கள் மூவர்."

"இவன்கள் பொய்யன்கள்! ஒரு வடைக்குச் சத்தியம் செய்கிறவன்கள்!"

மூவரில் ஒருவனுக்கு வருத்தமாகிவிட்டது. "என்ன சாமி இப்படிச் சொல்லிட்டீங்க? போன தடவை எங்க சத்தியம் உங்களுக்கு இனிச்சுதே?"

மருதையன் சொன்னான்: "இவர்கள் பொய்யர்கள் என்றால் நீர் உயிரோடிருக்கிறீர், கிணறு வேம்பாயியுடையது. மெய்யர்கள் என்றால் கிணறு உம்முடையது, பாடையும் உம்முடையது. எது வேண்டும்?"

அம்பலக்கூத்தர் பாடையைப் பார்த்தார். "கிணறு அவளுடையது" என்று முனகினார்.

"உரக்கச் சொல்லும், பசிக்கிறது!" என்றான் ராஜா. உரக்கச் சொன்னார்.

ஆனால் பாடை வெளியே போனதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "பிரபு, உயிருக்குப் பயந்து சொன்னது உண்மையாகுமா?"

"அதுவும் சரிதான்" என்று ராஜா தலையைச் சொறிந்தான். "மருதையா, பிறகு எதுதானப்பா உண்மை? நீ ஒரு வரி சொல்."

"என்னிடம் வரி இல்லை மகாராஜா. இங்கே உட்கார்ந்து கேட்டால், கேட்டவர்கள் சொல்வதுதான் கிடைக்கும். கிணறு கூப்பிடு தூரம். போய்ப் பார்ப்போம்."

"சோறு?"

"ஆறட்டும்."

அந்தச் சபையில் ராஜாவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவன் எழுந்து நடந்தான். வேம்பாயியும் அம்பலக்கூத்தரும் பின்னால் போனார்கள்.

கிணற்று விளிம்பில் கருங்கல். வேம்பாயியின் தோட்டத்துப் பக்கம், தலைமுறை தலைமுறையாகக் கயிறு உரசி உரசிக் கல் பள்ளமாகியிருந்தது. தோப்புப் பக்கத்துக் கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. ராஜா விரலை வைத்தான். பள்ளத்துக்குள் விரல் முழுதும் இறங்கியது.

"இதை யார் சொன்னது?" என்றான்.

"யாரும் சொல்லவில்லை மகாராஜா. சொல்லாவிட்டாலும் இருக்கிறது. இல்லை என்று மூன்று பேர் கற்பூரத்தை அணைத்தாலும், நீங்கள் விரலை வைத்தால் உள்ளே போகும்."

ராஜா வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை மருதையனுக்குப் போர்த்தினான். வேம்பாயியிடம், "கிணறு உன்னுடையது அம்மா" என்றான். வெட்டிய கல்லை உடைக்கச் சொன்னான். கடைசியில் அம்பலக்கூத்தர் பக்கம் திரும்பினான்.

"உம் பாட்டனார் வெட்டிய கிணறு என்றீர். நல்லது. இந்தக் கயிற்றைப் பிடியும். உம் பக்கத்தில் நின்று தண்ணீர் இறைத்து இந்த வாழைக்கு ஊற்றும். உம் பக்கத்துக் கல்லிலும் இதே அளவு பள்ளம் விழுந்த பிறகு எனக்குச் சொல்லி அனுப்பும். வந்து விரல் வைத்துப் பார்க்கிறேன்."

அந்த வருஷம் வேம்பாயியின் வாழை கொழுத்துக் குலை தள்ளியது. அடுத்த வருஷமும் தள்ளியது. அம்பலக்கூத்தர் தினமும் இறைத்து முடித்து, கைக் கொப்புளத்தை ஊதிக்கொண்டு, தன் பக்கத்துக் கல்லை ஒருமுறை தடவிப் பார்ப்பார். வழவழவென்றுதான் இருக்கும்.