நண்டு சொன்ன எடை

அந்த மலை ஆய்வுக்கூடத்தில் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் ஓய்வு பெறப் போகிறவர். உலக வழக்கப்படி இது தலைகீழ்தான். ஆனால் அங்கே மேகமே ஜன்னல் வழியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகும். இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சீடரின் பெயர் சூசை. தூத்துக்குடிக்காரர், எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். குருவின் பெயர் தில்லைநாயகி. அணுவுக்குள்ளே இருக்கும் புரோட்டானுக்கு இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது என்பதுதான் அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு காகிதத்தில் முடியாது. அன்றைக்குக் கடையில் விற்ற எந்தக் கம்ப்யூட்டரிலும் முடியாது. அதனால் உலகத்தில் அங்கங்கே இயற்பியல்காரர்களே சால்டரிங் கம்பியைக் கையில் எடுத்து, அந்த ஒரே கணக்குக்கென்று தாங்களே இயந்திரம் கட்டத் தொடங்கினார்கள். இந்த மலையிலும் கட்டினார்கள். முதலில் கட்டியதற்கு சூசை ‘நத்தை’ என்று பேர் வைத்தார். அடுத்தது ‘ஆமை’. மூன்றாவது இயந்திரம் ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. அதில் ஒவ்வொரு சில்லும் பக்கத்துச் சில்லோடு மட்டும்தான் பேசும். செய்தி பக்கவாட்டிலேயே நகர்ந்து போகும். அதற்கு ‘நண்டு’.

நண்டைக் கட்டி முடித்த பிறகுதான் சூசைக்கு ஒரு சந்தேகம் வந்தது. இது எதைக் கணக்குப் போடுகிறது என்று தில்லைநாயகியிடம் போய்க் கேட்டார்.

“ஒண்ணுமே இல்லாத இடத்தை, சார்.”

கேலி செய்கிறார் என்று நினைத்தார் சூசை. கேலி இல்லை. வெற்றிடம் சும்மா இருப்பதில்லை, உள்ளுக்குள் ஓயாமல் புரண்டுகொண்டே இருக்கிறது, புரோட்டானின் எடையில் பெரும்பங்கு அந்தப் புரளலில் இருந்துதான் வருகிறது என்று அவர் நிதானமாக விளக்கினார். சூசைக்குத் தலை சுற்றியது. சுற்றியது பிடித்தும் இருந்தது. அன்றைக்கே சீடராகிவிட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி வந்து எதிரே உட்கார்ந்துகொள்வார்.

நண்டு வெற்றிடத்தைப் படம் படமாக வரையும். அந்தப் படங்களிலிருந்துதான் எடை கிடைக்கும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தைக் கொஞ்சம் கலைத்து வரைந்ததாக இருக்கும். முதல் படத்தை மட்டும் மனிதர்கள் கொடுக்க வேண்டும். ஓர் அலைகூட இல்லாத அமைதியான படத்தைக் கொடுக்கலாம். கன்னாபின்னாவென்று கலைந்து கிடக்கும் படத்தையும் கொடுக்கலாம். எதைக் கொடுத்தாலும் தொடக்கத்தின் வாசனை வெகுதூரம் ஒட்டிக்கொண்டே வரும். அது போகிற வரைக்கும் வந்த படங்களையெல்லாம் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

வாசனை போய்விட்டது என்று எப்படித் தெரியும்? இரண்டு தொடக்கத்திலிருந்தும் தனித்தனியே ஓடவிட வேண்டும். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் தெரியும். இதெல்லாம் சூசைக்கு வயிற்றெரிச்சல். நண்டின் உழைப்பைக் குப்பையில் கொட்டுகிறார்களே என்று புலம்பிக்கொண்டே இருப்பார்.

காலம் யாருக்காகவும் நிற்கவில்லை. கடைக் கம்ப்யூட்டர்கள் வளர்ந்துவிட்டன. புதியது ஒன்று பெட்டி பெட்டியாக வந்து வராந்தாவில் இறங்கியது. மாதக் கடைசியில் நண்டுக்குக் கரன்ட் நிறுத்தப்படும் என்று உத்தரவும் வந்தது. நத்தையும் ஆமையும் உருப்படியாக எதையும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தவை. நண்டும் அப்படியே போனால் தன் ஆயுசே வீண் என்று நினைத்தார் சூசை. பாவம், அதை வாய்விட்டும் சொன்னார்.

அந்த மாதம் முழுக்க மலையைப் பனி மூடியிருந்தது. தில்லைநாயகி ஒரு கருத்தரங்குக்காக வெளியூர் போயிருந்த சமயம், சூசை அமைதியான படத்தைக் கொடுத்து நண்டை ஓடவிட்டார். திரையில் எடையின் கோடு தாழ்வாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறியது. விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்தன. பார்த்துக்கொண்டே இருந்தவர் கண்ணயர்ந்தார். கனவில் ஒரு தோணியில் இருந்தார். கீழே தண்ணீர் இல்லை. ஆனாலும் தோணி ஏறி இறங்கியது. பயமாக இல்லை, இந்த இடத்தை நமக்கு நெடுநாளாகத் தெரியும் என்று தோன்றியது.

விழித்தபோது கோடு சரியான இடத்தில் நின்றிருந்தது. உலகம் அளந்து வைத்திருக்கும் அதே எடை. சூசை உடனே நண்டை நிறுத்தினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

தில்லைநாயகி திரும்பி வந்த பிற்பகலில், கோடு அச்சான காகிதத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்.

“வந்துட்டு மேடம். அளந்ததுக்கும் இதுக்கும் மயிரிழைதான் வித்தியாசம்.”

தில்லைநாயகி காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் அந்த எண் இனித்தது, முகத்தில் தெரிந்தது. ஆராய்ச்சி என்று அவர் செலவழித்த வருடங்களும் அந்தக் கூடத்துக்குள்தான் இருந்தன.

“எங்கேருந்து ஆரம்பிச்சீங்க சார்?”

“அமைதியில இருந்து.”

“ஏன் இங்கே நிறுத்தினீங்க?”

சூசைக்குக் கேள்வியே புரியவில்லை. “விடை வந்துட்டுல்லா.”

தில்லைநாயகி கோபிக்கவில்லை, பாடமும் எடுக்கவில்லை. எழுந்து கூடத்துக்கு நடந்தார். நண்டை இரண்டு பாதியாகப் பிரித்தார். ஒரு பாதியை, சூசை நிறுத்திய இடத்திலிருந்தே மறுபடி ஓடவிட்டார். மறு பாதிக்குக் கலைந்து கிடக்கும் படத்தைக் கொடுத்தார். பிறகு சூசைக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சூசையின் கோடு சரியான விடையைத் தாண்டியது, மேலே போய்க்கொண்டே இருந்தது. இறங்க வேண்டிய ஸ்டாப்பில் பஸ் நிற்காமல் போவதைப் பார்க்கிறவர் போல அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பவும் நிறுத்திரலாம் மேடம். யாருக்குத் தெரியப் போவுது?”

தில்லைநாயகி பிளாஸ்க்கில் இருந்த டீயை ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. பகலும் பனியும் ஒன்றாகவே இருந்தன. சூசையின் கோடு கீழிருந்து ஏறியது. மற்றக் கோடு மேலிருந்து இறங்கியது. ஒருநாள் காலையில் இரண்டும் சேர்ந்துவிட்டன. சேர்ந்த பிறகு எது எது என்று அடையாளம் தெரியவில்லை. ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஒரே உயரத்தில் அசைந்தபடி போய்க்கொண்டே இருந்தன. எங்கேயிருந்து கிளம்பினோம் என்பதே இரண்டுக்கும் மறந்துபோயிருந்தது.

சேர்ந்த இடம் மட்டும் சரியில்லை. உண்மையான எடையைவிடக் கொஞ்சம் கூடுதல். அதற்குக் காரணமும் தெரிந்ததே. வெற்றிடத்தை வலை மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போட முடியும். நண்டின் சக்திக்குப் பெரிய கண் உள்ள வலைதான் கட்டுப்படியாகும். சின்ன அசைவுகள் அதில் நழுவிப் போய்விடும்.

மாதக் கடைசி வந்தது. எலெக்ட்ரீஷியன் மெயின் சுவிட்ச் பக்கத்தில் வந்து நின்றார். நண்டைப் பற்றிய கட்டுரை முழுவதும் எழுதி முடிந்திருந்தது. எடை என்ற இடத்தில் மட்டும் எண் இல்லை. அதை நீங்களே போடுங்கள் என்று தில்லைநாயகி கம்ப்யூட்டரை சூசை பக்கம் திருப்பி வைத்தார்.

சூசையின் விரல் விசைப்பலகை மேல் நின்றது. எந்த எண்ணைப் போட்டால் நாலு பேர் நண்டை மெச்சுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எதைப் போட வேண்டும் என்று தில்லைநாயகி எதிர்பார்க்கிறார் என்பதும் தெரியும். விரலை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

“சரியான எண்ணு கையில இருக்கு. அதை விட்டுட்டுத் தப்பான எண்ணையா எழுதச் சொல்லுதீங்க? அப்ப இதை எதுக்கு மேடம் கட்டினோம்?”

தில்லைநாயகி நண்டின் திரையில் இரண்டு கோடுகளும் சேர்ந்த இடத்தைக் காட்டினார்.

“அந்த எண், இதைக் கட்டுறதுக்கு முன்னாடியே நமக்குத் தெரியும் சார். இந்த எண் நண்டு சொல்லித்தான் தெரியும்.”