பெரிய கண்ணு

"டீச்சர், எனக்குப் பெரிய கண்ணு வேணுமுங்க."

வந்ததும் வராததுமாகச் சென்னியப்பன் கேட்டுவிட்டார். உட்காரவும் இல்லை. துப்பாக்கியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டே நின்றார்.

அவர் மலையடிவாரத்து வனக்காவலர். வயது ஐம்பத்து நாலு. வெள்ளாமையை நாசம் செய்யும் பன்னிகளைச் சுட உத்தரவு வாங்கியவர். துப்பாக்கிப் பயிற்சி மையத்து டீச்சர் நஸ்ரினுக்கு முப்பத்திரண்டுதான். அதனால் என்ன? குறி பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் டீச்சர், கற்றுக்கொண்டவர் இவர்.

கண்ணு என்று அவர் சொன்னது, குறி பார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் ஸ்கோப்பின் முன்பக்க லென்ஸை. அவருடையது நாற்பது மில்லிமீட்டர் அகலம்.

"இருக்கறது என்னங்கண்ணா பாவம் பண்ணுச்சு?"

"அந்தியில வெளிச்சம் பத்தலைங்க. முந்தாநாள் ஒரு பன்னியச் சுட்டேன். பின்னங்கால்ல பட்டு, கரும்புக்குள்ள பூந்துருச்சு. நேத்துத் தண்ணி கட்டப் போன வேலாத்தாளோட தொடையக் கிழிச்சுப் போட்டுருச்சுங்க."

"ஐயோ! உசுருக்கு?"

"பொழச்சுக்குவா. ஆனா அது இன்னும் உள்ளதானுங்களே இருக்குது? அடுத்து யாரைக் கிழிக்குமோ! ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலைங்க."

"தப்பு யாரு மேல?"

"கண்ணு மேலதானுங்க."

"எந்தக் கண்ணு?"

சென்னியப்பன் ஸ்கோப்பைத் தட்டிக் காட்டினார்.

டீச்சர் வாதாடவில்லை. அலமாரியிலிருந்து ஐம்பத்தாறு மில்லிமீட்டர் லென்ஸ் வைத்த ஸ்கோப்பை எடுத்தார். அம்மாடி, எத்தனை பெரிசு! துப்பாக்கிக் குழலில் இடித்தது. ஸ்கோப்பைத் தாங்க உயரமான வளையம் போட்டுத்தான் மாட்ட முடிந்தது.

"கண்ணை மூடிட்டுக் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில வையுங்க. ம், இப்பத் தொறங்க."

"ஒரே கறுப்பா இருக்குதுங்க!"

"தலையத் தூக்கிப் பாருங்க."

"ஆ, தெரியுது, தெரியுது!"

"கன்னம் எங்கீங்கண்ணா?"

சென்னியப்பன் தடவிப் பார்த்தார். கன்னம் அந்தரத்தில் நின்றது. சுட்ட அஞ்சு குண்டும் அஞ்சு திக்குக்குப் போயின.

மனுசன் விடுவாரா? தலைத் துண்டை அவிழ்த்து, மடித்து, கட்டையில் சுற்றிக் கட்டினார். இப்போது கன்னம் படிந்தது. குண்டும் ஒரே இடத்தில் விழுந்தது.

"பாத்தீங்களா டீச்சர்? இதைக் குடுத்துருங்க, நான் கெளம்பறேன்."

"அந்தி வரட்டும்."

அதுவரை அவர் நூறு தடவை வாசலுக்கும் மேசைக்குமாக நடந்திருப்பார். டீச்சர் குழல் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொழுது மங்கியது.

"இப்பப் பாருங்க."

"ஆகா! பனமரத்து மட்டை தெரியுது."

"இருங்க, தூசி தொடைக்கறேன்." டீச்சர் முன்னால் போய் நின்று ஏதோ செய்துவிட்டு வந்தார். "இப்போ?"

"அதேதானுங்க. பிரமாதம்! பழசு கிட்ட நிக்க முடியுமா?"

"முன்னால வந்து பாருங்கண்ணா."

போய்ப் பார்த்தார். பெரிய லென்ஸ் மேல் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. நடுவே வட்டமாக ஓர் ஓட்டை. அவருடைய பழைய லென்ஸை வைத்தால் அளவு சரியாக இருக்கும்.

சென்னியப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன டீச்சர், வெளையாடறீங்களா?"

"காகிதம் இருந்தா எனக்கு மங்குது. எடுத்தாத் தெளியுது. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணு." டீச்சர் தன் கண்ணுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். "உள்ள இருக்கற கறுப்புப் பொட்டு அந்தியில விரியோணும். வயசானா அத்தனை விரியாதுங்க. மிச்ச வெளிச்சம் வாசல்லயே நின்னுக்கும்."

"அப்ப... இதை விடப் பெரிசு இருக்குதுங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார்.

"முந்தாநாள் பன்னியப் பாத்துத்தானே சுட்டீங்க?"

சென்னியப்பன் துண்டை அவிழ்த்தார். உதறினார். தோளில் போட்டார். மறுபடி எடுத்தார்.

"அசைஞ்சுதுங்க," என்றார்.

டீச்சர் பழைய ஸ்கோப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

பன்னி கடைசியில் ஒரு காலை வெயிலில், அதே பழைய ஸ்கோப்பில், ஒரே குண்டில் விழுந்தது. அதைத்தான் ஊரே பேசுகிறது. பேசட்டும். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின சாயங்காலத்தை.

சென்னியப்பன் வரப்பில் படுத்திருந்தார். கன்னம் கட்டையில் நன்றாகப் படிந்திருந்தது. கரும்புத் தோகை சலசலத்தது. ஓரத்தில் என்னவோ கறுப்பாக, தாழ்வாக நகர்ந்தது.

விரல் விசையைத் தொட்டது. வேலாத்தாளின் கிழிந்த தொடை கண்முன்னால் வந்தது. சுடு, சுடு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தப்ப விட்டால் நாளைக்கு இன்னொருத்தி.

அசைந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

விரலை எடுத்தார். துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

கறுப்பாக நகர்ந்தது எழுந்து நின்றது. வேலாத்தாளின் மகன் குப்புராசு! ஆத்தாளைக் கிழித்த பன்னியைத் தேடி, கையில் வெட்டரிவாளோடு குனிந்து குனிந்து வந்திருக்கிறான்.

"ஏனுங் மாமா, துப்பாக்கியக் கீழ வெச்சுட்டீங்க? வெளிச்சம் இன்னும் நல்லா இருக்குதுங்களே!"

சென்னியப்பன் துப்பாக்கியிலிருந்து குண்டைக் கழற்றினார்.

"உனக்கு இருக்குது கண்ணு," என்றார். "எனக்கு இருட்டிருச்சு."