கெவுளி என்ன சொல்லிச்சு?

ஆசிரமத்துக்குள் உச்சிமாகாளி நுழைந்தபோது வடிவம்மா கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஆசிரமம் என்று பேர்தான் பெரிது. ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு சமையல் கொட்டகை, ஒரு நாய், கொஞ்சம் கோழிகள்.

ஆசிரமத்தை நடத்தும் வடிவம்மாவுக்கு நாற்பது வயது இருந்தால் அதிகம். உச்சிமாகாளிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. டவுனில் எண்ணெய்க்கடை வைத்திருப்பவர், மனைவி தங்கபுஷ்பத்தோடு வந்து அம்மாவிடம் தீட்சை வாங்கிக்கொண்டவர். அம்மா அவரை அண்ணாச்சி என்பார். அவர் அம்மா என்பார். அதில் இருவருக்குமே கூச்சம் இருந்ததில்லை.

“வாங்க அண்ணாச்சி. மதினியை இன்னைக்கு ஆஸ்பத்திரியில சேக்கணும்னு சொன்னீயளே?”

“சேத்தாச்சும்மா. மக கூட இருக்கா. நாளைக்குக் காலையில நெஞ்சுல ஆபரேசன்.”

“பெறகு இங்க எப்படி வந்தீய?”

“திருநீறு வாங்கிட்டு வாறேன்னு சொன்னேன்.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் திருநீற்றை மடித்து எடுத்து வந்து கொடுத்தார். உச்சிமாகாளி கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வந்த வேலை முடிந்தது. ஆனால் அவர் கிளம்பாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

வேப்பமரத்து நிழல் கொட்டகைப் பக்கம் நகர்ந்தது. அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொட்டுப் பார்த்தார். மஞ்சள் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பேரைப் பார்த்தார், அப்படியே திரும்பப் போட்டுவிட்டார்.

“யாரு?”

“கடையிலருந்தும்மா.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். காதுமடல் சிவந்துபோனது. அம்மா வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். அதுதான் அவரை உடைத்தது.

“கெவுளி சொல்லிருச்சும்மா” என்றார்.

பல்லியைத்தான் அந்தப் பக்கத்தில் கெவுளி என்பார்கள். அவர் கடையில் கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்குப் பின்னால், தலைமுறை தலைமுறையாகப் பல்லிகள் குடியிருந்தன. புதுச் சரக்கு எடுப்பதானாலும் சரி, மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதானாலும் சரி, நினைத்ததை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அது குரல் கொடுத்தால் விரலால் மேசையில் தட்டி ஏற்றுக்கொள்வார். கொடுக்காவிட்டால் மாப்பிள்ளை தங்கக்கம்பியாக இருந்தாலும் காப்பியோடு சரி. தங்கபுஷ்பமும் லேசுப்பட்டவள் இல்லை. கடையடைத்து வீட்டுக்கு வந்தவரிடம் அவள் முதலில் கேட்பதே, கெவுளி என்ன சொல்லிச்சு என்பதுதான்.

“காலையில அவளும் மகளும் ஆட்டோவுல ஏறிட்டாக. நான் வீட்டைப் பூட்டிக்கிட்டு இருந்தேன். இவ இனி இந்த வாசப்படி ஏறமாட்டாளோன்னு… வாய்தவறி வந்துட்டும்மா. வந்த மறுநிமிசம் வாசல் நிலைக்கு மேலருந்து கெவுளி அடிச்சுது. விடாம அடிச்சுது.”

அம்மா தண்ணீர்ச் செம்பை அவரிடம் நீட்டினார்.

“மனசுக்குள்ள நெனச்சதோட விட்டிருக்கலாம். நானே சொல்லி, நானே வாக்கு வாங்கிட்டேன். போனா என் மூஞ்சியப் பாப்பா. கெவுளி என்ன சொல்லிச்சுன்னு கேப்பா. நான் என்னத்தைச் சொல்ல?”

“உங்களை அனுப்பும்போது மதினி என்ன சொன்னா?”

“சாயந்தரத்துக்குள்ள வந்துருவீயள்லான்னு கேட்டா.”

சொன்னதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. துண்டை வாயில் அழுத்திக்கொண்டார்.

“நீங்க ஒரு வாக்கு சொல்லுங்கம்மா. பிழைச்சு வந்துருவான்னு ஒரே ஒரு வாக்கு. நான் அதை அவகிட்ட கொண்டுபோய்ச் சொல்லிருதேன்.”

“எனக்குத் தெரியாதே அண்ணாச்சி.”

“பரிகாரமாவது சொல்லுங்க.”

“அதுவும் தெரியாது.”

அம்மா எழுந்துபோய்ச் சோற்றுச் சட்டியை எடுத்து வந்தார். “ஏ சோமு! சோமு!” என்று வேலிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

வேலிக்கு அடியிலிருந்து கோழிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தன. அம்மாவின் காலைச் சுற்றி நின்று கழுத்தை நீட்டின. நாய் அதன்பிறகு சாவகாசமாக எழுந்து, சோம்பல் முறித்து, கோழிகளுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு வந்து சேர்ந்தது.

“நான் கூப்பிட்டது இவனை” என்று அம்மா சிரித்தார். “இதுகளுக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் தங்களைத்தான்னு நெனப்பு.”

உச்சிமாகாளிக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவனிடம் கோழிக்கதை பேசுகிறார்களே! போயும் போயும் இவரிடமா தீட்சை வாங்கினோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. உடனே அப்படித் தோன்றியதற்கும் பயந்தார். அவருக்கு அன்றைக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான்.

போன் மறுபடியும் அடித்து, அடித்து, ஓய்ந்தது.

பொழுது சாய்ந்தது. அம்மா கூடத்தில் விளக்கேற்றினார், டியூப்லைட்டையும் போட்டார். “உள்ள வாங்க அண்ணாச்சி.”

கடைசி டவுன் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. உச்சிமாகாளி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். உட்காரப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். விளக்குக்கு மேலே, சுவரில், ஒரு பல்லி.

“நான் வெளியவே இருக்கேம்மா.”

“உக்காருங்க. அதைப் பாருங்க.”

“அதுல என்னத்தைம்மா பாக்க?”

“சும்மா பாருங்க.”

அவர் தரையில் உட்கார்ந்து பார்த்தார். நினைத்துப் பார்த்தால் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை காலமும் பல்லியைக் கேட்டிருக்கிறாரே தவிர, ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இவ்வளவு சின்னதா? வெளுத்த உடம்பு. தொண்டைக்குக் கீழே தோல் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

அது குரல் கொடுத்தது.

அவர் விரல் தன்னால் தரையைத் தட்டியது. தட்டிய விரலை மறு கையால் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்தது.

“பாத்தீயளாம்மா! இங்கயும் வந்து சொல்லுது.”

“அது எங்க பாக்குது அண்ணாச்சி?”

உச்சிமாகாளி நிமிர்ந்தார். பல்லி அவருக்கு வாலைக் காட்டிக்கொண்டு இருந்தது. அதன் தலை சுவரின் அந்தக் கோடியை, டியூப்லைட் பக்கத்தைப் பார்த்து நீண்டிருந்தது. அங்கே லைட்டுக்குப் பின்னாலிருந்து இன்னொரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டு மறைந்துகொண்டது.

இது மறுபடியும் குரல் கொடுத்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

அந்தத் தலை வெளியே வந்தது. நாலு எட்டு வைப்பதும் நிற்பதுமாகச் சுவரில் இறங்கி, பூச்சி ஒன்று குறுக்கே பறந்தும் கவனிக்காமல், இதன் அருகில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு இரண்டும் சத்தமே போடவில்லை.

உச்சிமாகாளி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பைக்குள் போன் அடித்தது.

அவர் அசையவில்லை. அம்மா பையை எடுத்து அவர் மடியில் வைத்தார். பை மடியில் கிடந்து அதிர்ந்தது.

“எடுத்தா கேப்பாளேம்மா” என்றார் அவர். “கெவுளி என்ன சொல்லிச்சுன்னு கேப்பாளே.”

“ஜோடியைக் கூப்பிட்டுச்சுன்னு சொல்லுங்க” என்றார் அம்மா.