கோடைச் செர்ரியும் பனிக்காலக் குருவியும்

உள்ளங்கையளவு ஆட்டுத்தோல் தாள். அதில் ஒரு கல்மேடை, மேலே ஐந்து செர்ரிப் பழங்கள், பக்கத்தில் ஒரு செம்மார்புக் குருவி. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் குருவியின் கண்ணுக்குள் தோட்டத்துச் சுவர்கூடத் தெரிந்தது. மூச்சுப் பட்டால் பறந்துவிடுமோ என்று ரினால்டோ பிரபு மூச்சை அடக்கிக்கொண்டார். மனிதக் கை செய்த வேலையா இது!

இத்தாலிய மலைநகர் ஒன்றை ஆண்டவர் அவர். மகள் பியாங்கா மணமாகிக் கடல் கடந்து போகிறாள்; அன்று மாலையே பயணம். "வருஷம் முழுக்க நான் பார்த்த நம் தோட்டத்தைக் கையோடு எடுத்துப்போக வேண்டும்" என்று அவள் ஆசைப்பட்டதால், ஒர்தென்சியா என்ற பெண் ஓவியர் வரைந்த படம் இது. ஒர்தென்சியா உச்சிவேளை வெயிலில் மட்டுமே தூரிகையைத் தொடுவாள் என்பது ஊரறிந்த விஷயம்.

பிரபு போட்ட சட்டம் ஒன்று உண்டு. அரண்மனை ஓவியத்தில் பொய் இருந்தால், தாளைக் கத்தியால் சுரண்டி வெறுமையாக்கிவிட வேண்டும்.

தோட்டத் தலைவர் நூத்தோ கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். எதையும் லேசில் மெச்சுகிற மனிதர் இல்லை அவர்.

"பிரபுவே, செர்ரி பழுப்பது கோடையில். இந்தக் குருவி நம் தோட்டத்துக்கு வருவதோ பனிக்காலத்தில். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. போதாக்குறைக்கு நிழலைப் பாருங்கள்! பழத்தின் நிழல் பழத்தைவிடக் குட்டை, குருவியின் நிழலோ குருவியைவிட இரண்டு மடங்கு நெட்டை. கற்றுக்குட்டிகூட இப்படி வரையமாட்டான்."

"இரண்டையும் என் கண்ணால் பார்த்துத்தான் வரைந்தேன். ஒரு கோடுகூடக் கற்பனை இல்லை" என்றாள் ஒர்தென்சியா.

பியாங்கா அழுதேவிட்டாள். "சுரண்டச் சொல்லாதீர்கள் அப்பா. இனி இந்தத் தோட்டத்தை நான் எங்கே பார்க்கப்போகிறேன்?"

மகளுக்காகச் சட்டத்தை வளைத்தால் ஊர் சிரிக்கும். வளைக்காவிட்டால் பெண் வெறுங்கையோடு போவாள். பிரபு கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த நிழல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். நூத்தோ, ஒர்தென்சியா, இருவரில் யார் பக்கம் நியாயம்? தாளைச் சுரண்டலாமா, கூடாதா?

விடை: சுரண்டக் கூடாது. நூத்தோ கண்டதெல்லாம் உண்மை, முடிவுதான் தப்பு. கோடை உச்சிவேளையில் சூரியன் உயர நிற்பதால் நிழல் குறுகும். பனிக்காலத்தில் அதே வேளையில் தாழ நிற்பதால் நிழல் நீளும். ஒரே நாள் என்று ஏமாற்ற நினைத்திருந்தால், இவ்வளவு நுணுக்கமான கைக்கு ஒரு நிழலை மாற்ற எவ்வளவு நேரமாகும்? அவள் மாற்றவில்லை. இது இரண்டு காலம் என்று படமே சொல்லிவிடுகிறது. பியாங்கா கேட்டதும் வருஷம் முழுக்கப் பார்த்த தோட்டத்தைத்தானே! பிரபு கத்தியைத் தூர வைத்தார். தாளை மகளின் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் விட மனமில்லாமல் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.