வாசலுக்கு மேலே பனி

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால், மிஞ்சியிருக்கிற என் மூன்று பற்களும் இந்த நிமிடமே உதிரட்டும். கண்ணால் கண்டது. காதால் கேட்டது. பிறகு மண்வெட்டியால் தோண்டியும் பார்த்தது.

நோர்வேயின் வடக்கு உச்சியில் ஓர் ஊர். மீன் ஆலை ஒன்று, தேவாலயம் ஒன்று, நம்மவர் வீடு பதினொன்று. மற்றதெல்லாம் பனி.

சும்மா பனியில்லை. நவம்பரில் வாசலால் இறங்கி நடப்பார்கள். ஜனவரியில் மேல்மாடி யன்னலால் ஏறிப் போவார்கள். மார்ச்சில் தபால்காரர் புகைபோக்கியைத் தட்டித்தான் கடிதம் கொடுப்பார். ஒருத்தர் தன்னுடைய காரென்று நினைத்து இரண்டு நாள் தோண்டி, அடுத்த வீட்டுக்காரனின் காரைத் துடைத்துப் பளபளவென்று கொடுத்திருக்கிறார்.

அந்த ஊரில் சுகிர்தா என்றொரு கூரைக்காரி. நாற்பது வயது. மீன் ஆலைக்கு வேலைக்கு வந்தவள். கூரை நாறாது என்று சொல்லி ஏணியில் ஏறினாள். அவளிடம் கூரையைப் பற்றிக் கேட்கப் போகிறவர்கள், வேறு எதையோ யோசித்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

ஒரு செப்டெம்பரில் அருளம்பலம் அவளைத் தேடிப் போனார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கக்கத்தில் ஐந்து மாதிரித் தகடுகள்.

"தங்கச்சி, வீட்டுக் கூரைக்கு எந்தத் தகடு நல்லது?"

சுகிர்தா மேலே நின்று திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆருக்கு நல்லது?"

"எனக்குத்தான். வேறை ஆருக்கு?"

அவள் இறங்கி வந்தாள். தேத்தண்ணி ஊற்றினாள்.

"பழைய கூரைக்கு என்ன வந்தது அண்ணை?"

பழைய கூரை தார் பூசிய அட்டை. சரிவும் போதாது. போன மாரியில் அதன்மேல் ஆளுயரத்துக்குப் பனி ஏறி நின்றது. முழு ஜனவரியும் முனகியது. பெப்ரவரியில் ஒரு காலை, கூரையைத் தாங்குகிற வளை மரம் முறிந்து கட்டிலில் விழுந்தது. அருளம்பலத்தின் மனைவி பவளராணி அப்போதுதான் எழும்பி அடுப்பை மூட்டப் போயிருந்தாள். வளை விழுந்தது அவள் படுத்திருந்த பக்கம்.

அவள் சத்தம் போடவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒஸ்லோவில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். ஏழு மாதம்.

"போகேக்கை என்ன சொன்னவ?"

"'தலைக்கு மேலை ஒரு பிடி பனியும் நிக்காத கூரையைப் போட்டிட்டுக் கூப்பிடுங்கோ. இல்லாட்டிக் கூப்பிடாதேங்கோ.'"

அருளம்பலம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முப்பத்தொரு வருஷம், தங்கச்சி. அவ இல்லாத வீட்டிலை நான் தொலைக்காட்சியோடை சண்டை பிடிக்கிறன்."

சுகிர்தா ஐந்து தகடுகளையும் தடவிப் பார்த்தாள். கண்ணாடிபோல வழுவழுப்பான ஒன்றை எடுத்து அவர் முன்னால் சரித்துப் பிடித்தாள். அதன் மேல்விளிம்பில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டினாள்.

சீனி ஒரு மணி மிச்சமில்லாமல் வழுக்கி இறங்கியது.

"ஆ! இதுதான்! இதுதான் எனக்கு வேணும்!"

"சீனி எங்கை?"

"என்ரை மடியிலை."

சுகிர்தா ஏணியில் ஏறிவிட்டாள்.

அருளம்பலம் மடியைத் தட்டிவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

*

ஒக்டோபரில் தகடுகள் வந்தன. விளிம்போடு விளிம்பு மடித்துப் பூட்டுகிற இரும்புத் தகடு. சுகிர்தா பழைய கூரையைக் கழற்றினாள். புது வளை வைத்தாள். சரிவைக் கூட்டினாள்.

"அண்ணை, வாசல் ஏன் சரிவுக்கு நேரை கீழை இருக்குது?"

"வாசல் கிழக்கைப் பாக்கவேணும் எண்டு ஊரிலை இருந்து சாத்திரியார் சொன்னவர். படம் அனுப்பிக் கேட்டனான்."

"சாத்திரியார் பனி பாத்திருக்கிறாரோ?"

"அவர் குளிர்பெட்டிக்குள்ளை பாத்திருப்பார்."

சுகிர்தா சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து ஒரு கட்டுக் கம்பியை இறக்கினாள். தகட்டுக்குக் குறுக்காகப் பூட்டுகிற கம்பி. பனி ஒரேயடியாகச் சரியாமல் மறிப்பது.

"உதென்ன?"

"பனியை மேலை பிடிச்சு வைக்கிறது."

அருளம்பலம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏணிக்குக் குறுக்கே நின்றார்.

"நீ என்ரை குடும்பத்தைக் கெடுக்கவோ வந்தனீ? ஒரு பிடி நிக்கக்கூடாது எண்டு மனிசி சொல்லியிருக்கிறா. உதைக் கண்டா வந்த கையோடை திரும்பிடுவா."

"வாசலுக்கு மேலை மட்டும்?"

"ஒரு சாணும் வேண்டாம்."

சுகிர்தா அவரைப் பார்த்தாள். கம்பிக்கட்டைத் திரும்ப வண்டியில் ஏற்றவில்லை; சுவரோரம் வைத்தாள்.

"அக்கா எப்ப வாறா?"

"நவம்பர் கடைசி ஞாயிறு. பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு சொல்லியிருக்கிறன்."

"நானும் வாறன். அதுவரைக்கும் நீங்கள் பின்கதவாலை போங்கோ, வாங்கோ."

*

அந்த ஞாயிறுக்கு முன் நான்கு நாள் விடாமல் பனி கொட்டியது. பவளராணி வந்தாள். பெட்டியைச் சுவரோடு சாத்திவைத்தாள், திறக்கவில்லை. அறை அறையாகப் போய், அண்ணாந்து பார்த்து, காது கொடுத்தாள்.

ஒரு முனகல் இல்லை.

"பரவாயில்லை," என்றாள்.

அருளம்பலத்துக்கு அது கோயில் மணி மாதிரிக் கேட்டது.

சாப்பாடு ஒரு மணித்தியாலம் நடந்தது. கோழிக்கறி, புட்டு, வடை. வடைச்சட்டிச் சூடும், அத்தனை பேருடைய மூச்சும், அத்தனை பேருடைய கதையும் சேர்ந்து வீடு கொதித்தது. சுகிர்தா ஒருத்திதான் சாப்பிடாமல் யன்னலோடு நின்று கூரை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லாரும் எழும்பினார்கள்.

"அப்ப நாங்கள் வெளிக்கிடுறம்."

"முன்கதவாலை வேண்டாம்," என்றாள் சுகிர்தா. "பின்னாலை போங்கோ."

"செத்த வீடோ, பின்னாலை போக?" என்றார் ஒருவர். எல்லாரும் முன்வாசலால் இறங்கினார்கள். இறங்கியவர்கள் போனார்களோ? நம்மாட்கள் போவார்களோ?

"மூத்தவள் இப்ப கனடாவிலை தானே?"

"கனடாவிலை எங்கை? அவள் போன வருஷமே லண்டன்."

"ஐயோ, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை!"

"சரி, போட்டு வாறம்."

"சரி, வாங்கோ. அது சரி, உந்தக் கோழிக்கு என்ன தூள் போட்டனீங்கள்?"

அந்த ஊர்க்காரர் இந்தக் குளிரில் கையைக் காட்டிவிட்டுக் காருக்குள் ஓடிவிடுவார்கள். நம்மவர்கள் ஐந்து தரம் 'போட்டு வாறம்' சொன்னார்கள். ஐந்து தரமும் அதே படியில்தான் நின்றார்கள். நடுவில் பவளராணி. கையில் ஆருக்கோ கொடுத்துவிடுவதற்கு ஒரு வடைப் பெட்டி. ஒன்பது மாதக் கதை மிச்சமிருந்தது அவளுக்கு.

சுகிர்தா சுவரில் காதை வைத்தாள்.

"எல்லாரும் உள்ளை வாங்கோ!"

"ஓம் ஓம், இந்தா," என்று சொல்லிவிட்டு ஒருத்தரும் அசையவில்லை.

மேலே, பால் பொங்குகிற மாதிரி, மெல்லிய ஓர் இரைச்சல்.

சுகிர்தா தொண்டை கிழியக் கத்தினாள்.

"பவளக்கா! அடுப்பிலை பாயாசம் எரியுது!"

அத்தனை பேரும் ஒரே கதவால் ஒரே நேரத்தில் உள்ளே விழுந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். பவளராணி வடைப் பெட்டியைப் படியில் போட்டுவிட்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

அடுப்பில் ஒன்றுமில்லை.

"நான் பாயாசமே வைக்கேல்லையே!"

அப்போது வீடு ஒருமுறை குலுங்கியது. முன்வாசல் வெள்ளையாக அடைபட்டுப்போனது. வெளிச்சமே உள்ளே வரவில்லை.

*

பின்கதவால் போய்த் தோண்டினோம். படியை எட்ட ஒரு மணித்தியாலம் எடுத்தது. வடைப் பெட்டி கிடைத்தது. நல்ல தகரப் பெட்டி. இப்போது அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைக்கலாம்.

அருளம்பலம் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

"பிழையான தகட்டை வாங்கிப்போட்டன், தங்கச்சி."

"தகட்டிலை பிழையில்லை. மேலை பாருங்கோ. ஒரு பிடி நிக்குதோ?"

அவர் பார்க்கவில்லை. பவளராணி பார்த்தாள். கூரை கழுவித் துடைத்த தட்டுமாதிரி இருந்தது.

"வாசலைப் பின்பக்கம் மாத்தினா?" என்றாள்.

"பின்பக்கமும் சரிவுதான் அக்கா. இப்ப அங்கை ஒருத்தரும் நிண்டு கதைக்கிறேல்லை; வாசலாக்கினா இந்த ஆபத்து அங்கை போகும்."

"வாற ஆக்களைக் கெதியா அனுப்பினா?"

"அதுக்கு என்னட்டை ஆயுதம் இல்லை."

ஒருத்தர் சிரித்தார். பவளராணி சிரிக்கவில்லை.

"அந்தக் கம்பி?"

அருளம்பலம் குறுக்கே வந்தார். "இல்லை பவளம், அதைப் பூட்டினா பனி மேலையே..."

"நீங்கள் பேசாமல் இருங்கோ. சுகிர்தா, நீ சொல்லு."

"பனி நிக்கும் அக்கா. கொஞ்சம் கொஞ்சமா உருகி இறங்கும்."

"என்ரை தலைக்கு மேலையோ?"

"ஓம். உங்கடை தலைக்கு மேலைதான்."

"முறியுமோ?"

"புது வளை. உந்தப் பாரத்துக்குக் கணக்குப் பாத்துத்தான் வைச்சனான். முறியாது."

"முனகுமோ?"

"முனகும்."

பவளராணி தோண்டிய குழியைப் பார்த்தாள். கொஞ்சம் முன்பு அந்த இடத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியாக அருளம்பலத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கே பூட்டு. முனகினா, கேட்டுக்கொண்டு படுக்கிறன்."

இதை ஆரிடமும் சொல்லுங்கோ. சொன்னது நான்தான் என்று மட்டும் மூச்சு விடாதேங்கோ. அன்றைக்கு அந்த வீட்டுச் சாப்பாட்டுக்கு என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை; கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போனேன்.